லீசிங் காரில் ‘சிப்’ பொருத்தலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் செந்தூலில் குடியிருக்கிறேன்; பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். லீசிங் நிறுவனம் ஒன்றிடமிருந்து 4 ஆண்டு ஒப்பந்தத்தில் 1.5 லிட்டர் டர்போ கார் ஒன்றை எடுத்து ஓட்டி வருகிறேன். 2 ஆண்டுகள் 3 மாதங்கள் ஆகிவிட்டன. இதுவரை 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு முறை மனைவி, பிள்ளைகளோடு பெந்தோங்கில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கச் செல்வோம். முதல் ஆண்டில் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் கார் நன்றாகத்தான் ஏறியது. கடந்த நான்கைந்து மாதங்களாக இழுவை குறைந்தது போலத் தெரிகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் சில வேளைகளில் ஒரு முறை உதறுகிறது. இதைக் கேட்ட நண்பர், தம் காருக்குச் ‘சிப்’ போட்ட பட்டறைக்கு என்னை அழைத்துச் சென்றார். 1,800 வெள்ளிக்கு 35 குதிரைத்திறன் கூட்டித் தருவதாகவும், ஒப்பந்தம் முடிந்து காரைத் திருப்பிக் கொடுக்கும்போது பழையபடி மாற்றித் தருவதாகவும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் அங்கே சொன்னார்கள். 300 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். செய்யலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். செய்ய வேண்டாம் என்பதே என் பதில். சிகாம்புட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீங்கள் ‘சிப்’ என்று சொல்லும் வேலையை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்களின் மென்பொருளைத் திருத்தி அமைப்பதையே, தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்தி வருபவன் நான். அந்த வேலையின் பயனையும் அறிவேன், அது எந்த இடத்தில் காரையும் கார் வைத்திருப்பவரையும் கெடுக்கும் என்பதையும் அறிவேன். உங்கள் நிலை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நீங்கள் கேட்ட கேள்வியைவிட, கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. முதல் ஆண்டில் நன்றாக ஏறிய கார் இப்போது திணறுகிறது, மிதித்தால் உதறுகிறது என்கிறீர்கள். அதே இன்ஜின், அதே ஏற்றம், அதே குடும்பம். பிள்ளைகள் ஓராண்டில் கூடியிருக்கும் எடை ஒரு டர்போ காருக்குப் பொருட்டே இல்லை. அப்படியானால் உங்கள் காருக்குச் சக்தி போதாமல் இல்லை. இருந்த சக்தி எங்கோ குறைந்து போயிருக்கிறது. இழந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் அதன் மேல் கூடுதல் சக்தியை ஏற்றுவது, காய்ச்சலில் இருப்பவரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

ஏற்றத்தில் முழுச் சுமையில் மட்டும் உதறுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது ஸ்பார்க் பிளக்குகளை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்ஜினில் சுமை கூடும்போது சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம் கூடுகிறது. அடர்த்தியான அந்தக் காற்றைத் தாண்டித் தீப்பொறி குதிப்பதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டால், சமதளத்தில் சாதாரணமாக ஓடும்போது எதுவும் தெரியாது. மலையேறும்போது மட்டும் பொறி தவறும். அதுதான் நீங்கள் சொல்லும் உதறல். பிளக்கை மாற்ற வேண்டிய தூரம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபட்டாலும், பல டர்போ இன்ஜின்களில் 60,000 கிலோமீட்டர் என்பது அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டிய கட்டம். உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் பிளக் மாற்றியதற்கான குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் பிளக்குக்கு மேலே அமர்ந்திருக்கும் இக்னிஷன் காயில். அதற்கும் அடுத்தது, டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் காற்றைக் கொண்டு செல்லும் ரப்பர்க் குழாய்கள். கிளிப் தளர்ந்தோ குழாய் வெடித்தோ இருந்தால் அழுத்தப்பட்ட காற்று வெளியே கசியும். ஜன்னலை இறக்கி வைத்து ஏற்றத்தில் மிதித்தால், வழக்கத்தில் இல்லாத சீறல் ஒன்று கேட்கக்கூடும். அழுக்கடைந்த ஏர் ஃபில்டர், கரி படிந்த வால்வு, முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் ஆகியவையும் இழுவையைத் தின்பவைதான், ஆனால் உதறலுக்கு அவை பெரும்பாலும் காரணமாவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்றைய இன்ஜின் கம்ப்யூட்டர், நாங்கள் இசியு என்று சொல்வது, ஒரு குறை தோன்றியவுடன் உங்களிடம் முறையிடுவதில்லை. தன்னால் முடிந்த மட்டும் அதை ஈடுகட்டப் பார்க்கிறது. குழாயில் சிறிது காற்று கசிந்தால், கேட்ட அழுத்தம் வரும் வரை டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவிடும். பெட்ரோல் ஒத்துவராமல், கலவை தானாகவே வெடிக்கும் தட்டல் எழுந்தால், தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். இப்படிச் சமாளித்துச் சமாளித்து அதன் கையில் இருந்த இருப்பு தீரும்போதுதான் ஓட்டுநருக்கு இழுவைக் குறைவு தெரிகிறது. ‘சிப்’ என்பது அந்த இருப்பையே எடுத்துச் செலவழிக்கும் ஏற்பாடு. ஏற்கெனவே தீர்ந்துபோன இருப்பிலிருந்து மேலும் எடுக்க முயன்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். உங்கள் காரை ஒரு கண்டறியும் கருவியில்கூட இணைத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை; பார்க்காமலே முன்பணம் வாங்கியிருந்தால், அந்தப் பட்டறையைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

‘சிப்’ என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இன்று அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்த பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு 1979இல் பிஎம்டபிள்யூ 732i காரில் வந்தது. அதன் பின் வந்த பல கார்களில் இன்ஜினுக்கான கணக்குகள் எல்லாம் பலகையில் செருகியிருந்த ஒரு நினைவகச் சில்லில் இருந்தன. அதைப் பிடுங்கிவிட்டு வேறு கணக்குகள் எழுதிய சில்லைப் பொருத்துவார்கள். ‘சிப் போடுவது’ என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. இன்று பிடுங்கிப் பொருத்த எதுவும் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி இணைப்பின் (காரைச் சோதிக்கும் கருவியைச் செருகும் இடம்) வழியாகவோ, இசியுவைக் கழற்றித் திறந்தோ மென்பொருளையே மாற்றி எழுதுகிறார்கள், இதுதான் ரீமேப். இரண்டாவது வகை, சென்சார்களுக்கும் இசியுவுக்கும் நடுவே பொருத்தும் ஒரு பெட்டி. டர்போவின் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதாக இசியுவிடம் பொய் சொல்லி, அதை மேலும் அழுத்தம் கூட்ட வைப்பதே அந்தப் பெட்டியின் வேலை. மூன்றாவது வகை, இணையக் கடைகளில் சில பத்து வெள்ளிக்கு விற்கப்படும் ஓபிடி செருகி. அவற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கண் சிமிட்டும் விளக்குகளும் அவற்றை இயக்கும் ஒரு சிறு சில்லும் மட்டுமே இருக்கும், இன்ஜினோடு அதற்கு எந்தப் பேச்சும் கிடையாது. மூன்றாவது வகையால் உங்கள் பணம் மட்டுமே போகும். முதல் இரண்டும் உண்மையிலேயே இன்ஜினைத் தொடுகின்றன.

எப்படித் தொடுகின்றன என்பதை ஓர் எளிய கணக்கில் காட்டுகிறேன். உங்கள் காரின் டர்போ, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.8 பார் அழுத்தம் தருவதாக வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றையும் சேர்த்தால் இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் 1.8 பார். ரீமேப் செய்து அதை 1.1 பாராக உயர்த்தினால் மொத்தம் 2.1 பார், அதாவது சுமார் 17 விழுக்காடு அதிகக் காற்று, அதற்கேற்ற அதிகப் பெட்ரோல், ஏறக்குறைய அதே அளவு கூடுதல் முறுக்கு விசை. டர்போ இல்லாத இன்ஜினில் இப்படி ஏற்றுவதற்கு இடமே இல்லாததால்தான் அவற்றில் ரீமேப் செய்து பெரிய பயன் கிடைப்பதில்லை. டர்போ இன்ஜினில் பயன் உண்டு, அதற்கான விலையும் உண்டு. காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். கோலாலம்பூரின் 32 டிகிரிக் காற்றை 70 விழுக்காடு திறனுள்ள ஒரு டர்போ 1.8 பாருக்கு அழுத்தினால், அது இன்டர்கூலரை அடையுமுன் 110 டிகிரியைத் தாண்டிவிடும், 2.1 பாருக்கு அழுத்தினால் 135 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டிய இன்டர்கூலரோ, தொழிற்சாலை பொருத்திய அதே சிறிய இன்டர்கூலர்தான்.

நகருக்குள் இது பெரிதாகத் தெரியாது. ஐந்து நொடி மிதிப்போம், அடுத்த சிவப்பு விளக்கில் நிற்போம், சூடு இறங்கிவிடும். ஆனால் நீங்கள் ‘சிப்’ கேட்பது கோம்பாக் சாவடியைத் தாண்டி கெந்திங் செம்பா சுரங்கம் வரை நீளும் ஏற்றத்துக்கு. நான்கு பேர், பெட்டிகள், துரியான் காலத்தில் திரும்பும்போது இன்னும் கொஞ்சம் சுமை, இடைவிடாத குளிரூட்டி, நிமிடக் கணக்கில் ஓயாத மிதி. இன்டர்கூலர் சூடேறிப் போனால் சிலிண்டருக்குள் வெந்த காற்றே நுழையும். அந்த நிலையில் பெட்ரோல் கலவை, தீப்பொறி வந்தபின் சீராக எரிந்து பரவாமல் ஒரு மூலையில் தானாகவே வெடிக்கத் தொடங்குகிறது; அதைத்தான் தட்டல் என்கிறோம். மெல்லிய தட்டலை இசியு கேட்டு அடக்கிவிடும். குறைந்த சுழற்சியில், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் தீப்பொறிக்கு முன்பே நிகழும் வெடிப்பு ஒன்று உண்டு. அதற்கு முன்னறிவிப்புக் கிடையாது, ஒரே அடியில் பிஸ்டனின் வளையங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைந்துவிடக்கூடும். ஆகவே ரீமேப்புக்கு மிகக் கடுமையான சோதனை எதுவோ, அந்தச் சோதனைக்காகவே நீங்கள் ரீமேப் தேடுகிறீர்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 35 குதிரைத்திறன் கூட்டும் ரீமேப்புகள் பெரும்பாலும் ரோன்97ஐக் கணக்கில் வைத்தே எழுதப்படுகின்றன. உங்களுக்கு அது நினைவிருக்கலாம். என்றாவது ஒருநாள் காரை எடுத்துச் செல்லும் மனைவி, எரிபொருள் நிலையத்தில் வழக்கம்போல ரோன்95 நிரப்பிக்கொண்டு வருவார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. காரின் எரிபொருள் மூடியிலேயே ரோன்95 போதும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கக்கூடும். குடும்பமே ஓட்டும் காரில், ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு நிபந்தனையைப் புகுத்துவது நல்லதல்ல.

கியர்பாக்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய டர்போ கார்களில் வரும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும், கியர் படிகள் இல்லாத சிவிடிக்கும் இவ்வளவு முறுக்கு விசையைத்தான் தாங்கும் என்ற உச்ச வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, ஃபோக்ஸ்வேகன் கார்களில் வந்த 7 வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு அந்த வரம்பு 250 நியூட்டன் மீட்டர். பல கார்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தம் கியர்பாக்ஸின் வரம்புக்குச் சற்றுக் கீழேதான் நிற்கின்றன. அதில் 17 விழுக்காடு கூட்டினால் கிளட்ச் தேயும். அது தேய்வது 35 குதிரைத்திறனைப் போல முதல் நாளே தெரியாது.

இனி, கார் யாருடையது என்பதற்கு வருவோம். நம் நாட்டில் பெரும்பாலோர் கார் எடுப்பது வங்கிக் கடனில், அதாவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ். அங்கேயும் கடைசித் தவணை கட்டி முடியும் வரை உரிமையாளர் வங்கிதான். ஆனால் கட்டி முடித்தால் கார் நம்முடையது ஆகும், அதுவரை அந்தச் சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளையும் தருகிறது. இரண்டு தவணை தொடர்ந்து தவறினாலும், 21 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தராமல் காரை எடுத்துச் செல்ல முடியாது என்பது அவற்றுள் ஒன்று. உங்களுடையது அப்படி அல்ல. வாங்கும் உரிமை இல்லாத குத்தகை ஒப்பந்தத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துவதில்லை. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும்தான் உங்களை ஆள்கின்றன. பிறர் பொருளை நிபந்தனையோடு கைவசம் வைத்திருப்பவர், அந்த நிபந்தனைக்கு மாறாக அதைப் பயன்படுத்தி அதனால் சேதம் விளைந்தால் ஈடு செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் உள்ள கொள்கை. உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வாகனத்தில் மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்ற விதி, நான் படித்துப் பார்த்த எல்லாக் குத்தகை ஒப்பந்தங்களிலும் இருந்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் தேடிப் பாருங்கள். மென்பொருள் என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும், இன்ஜினின் இயக்கத்தை மாற்றுவது மாற்றம் ஆகாது என்று வாதாடி வெல்ல முடியும் என நான் நினைக்கவில்லை.

இதன் நடைமுறை விளைவை எண்ணிப் பாருங்கள். இன்று அந்த இன்ஜினில் குறை இருந்தால், அதைச் சரிசெய்வது உரிமையாளரின் கவலை. கார் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் இன்னும் நடப்பில் இருக்க வேண்டும், ஏனெனில் இங்கே புதிய கார்களுக்கு 5 ஆண்டு உத்தரவாதம் தருவது பரவலான வழக்கம். ரீமேப் செய்த மறுநாள் அதே இன்ஜினில் அதே குறை வெளிப்பட்டால், அது முழுவதும் உங்கள் தலையில் வந்து விழும். பிளக் தேய்ந்ததும் குழாய் கசிந்ததும் நீங்கள் ‘சிப்’ போடுவதற்கு முன்பே நடந்தவை என்பதை அதன் பிறகு நீங்கள் எதைக் காட்டி நிறுவுவீர்கள்? கூடுதலாக 1,800 வெள்ளி கொடுத்து, பிறருடைய பொறுப்பை விலைக்கு வாங்கிக்கொள்வதாகவே இது முடியும்.

காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். முழுக் காப்புறுதி விபத்துக்கும் திருட்டுக்கும் தீக்கும் ஈடு தருவது; இயந்திரம் தானாகப் பழுதாவதும் தேய்மானமும் அதில் விலக்கப்பட்டவை. உடைந்த பிஸ்டனுக்கு அங்கிருந்து ஒரு காசும் வராது. விபத்து நேர்ந்தாலோ, நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் என்பதைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கொடுத்தவர் ஆவோம். உங்கள் விஷயத்தில் காப்புறுதி எடுத்திருப்பது பெரும்பாலும் லீசிங் நிறுவனமாகவே இருக்கும் என்பதால், அவர்களுக்கு மறுக்கப்பட்ட தொகையை அவர்கள் உங்களிடமே கேட்பார்கள்.

யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற உறுதிமொழியைப் பற்றி, அந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மென்பொருளை மறுபடி எழுதிவிட முடியும் என்பது உண்மை, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் பல இசியுக்கள் தமக்குள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைத் தனியாக வைத்திருக்கின்றன. அந்த எண்ணிக்கையைத் தயாரிப்பாளரின் சேவை மையம் தன்னிடமுள்ள பதிவோடு ஒப்பிட்டால், தாங்கள் எழுதாத ஒன்று இடையில் எழுதப்பட்டிருப்பது தெரிந்துவிடும். சில தயாரிப்பாளர்களின் கருவிகள் ஒவ்வொரு முறை இணைக்கப்படும்போதும் மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணைத் தாமாகவே தலைமையகத்துக்கு அனுப்புகின்றன. அப்படி ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு பழைய மென்பொருளை ஆயிரம் முறை எழுதினாலும் அந்தப் பதிவு அழியாது. இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒவ்வொரு சர்வீஸுக்கும் காரை அதே மையத்துக்குத்தானே கொண்டு செல்லப்போகிறீர்கள்? போதாக்குறைக்கு, அங்கே வழக்கமான மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றைச் செய்தால் உங்கள் ரீமேப் அதிலேயே அழிந்துபோகும், அதற்குக் கொடுத்த பணத்தோடு. இடையில் பொருத்தும் பெட்டியைக் கழற்றி எடுத்தாலும், அது இருந்த காலத்தில் இசியு கற்றுக்கொண்ட ஈடுகட்டல் அளவுகளும் பதிந்து வைத்த பிழைக் குறியீடுகளும் தங்கியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் தாண்டி, இன்ஜின் திறக்கப்பட்டால் உலோகமே சாட்சி சொல்லும். உருகிய பிஸ்டனையும் வளைந்த கனெக்டிங் ராடையும் பார்த்து, அவை எப்படிப்பட்ட அழுத்தத்தில் கெட்டன என்பதை அனுபவமுள்ள ஒரு மதிப்பீட்டாளரால் சொல்லிவிட முடியும்.

இதற்கெல்லாம் முன்பு, மறைத்துவிடலாம் என்பதை ஒரு பட்டறை தன் சேவையின் பகுதியாக விற்பதே எனக்கு வருத்தம் தருகிறது. அந்த வருத்தத்தில் என் பங்கும் உண்டு. 2013இல் என் பட்டறைக்கு ஓர் இளைஞர் சிறிய டர்போ கார் ஒன்றைக் கொண்டுவந்தார். விற்பனைத் துறையில் வேலை; வாரம் ஒரு முறை குவாந்தான் போய்த் திரும்புவார். கார் யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்ல முறையில்தான் வேலையைச் செய்து கொடுத்தேன். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழு மாதங்கள் கழித்து மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் உடைந்தது. அது குத்தகைக் கார். உரிமையாளர் நிறுவனம் இசியுவைப் பரிசோதிக்க அனுப்பியது, மாற்றம் தெரிந்தது, புதிய இன்ஜினுக்கான முழுத் தொகையும் அந்த இளைஞரின் பெயரில் எழுதப்பட்டது. பழுதுக்கு என் ரீமேப்தான் காரணம் என்று அவர்கள் நிறுவவில்லை. நிறுவ வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. அனுமதி இல்லாத மாற்றம் இருந்தது என்பதே போதுமானதாக இருந்தது. நான் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், மேற்கொண்டும் இயன்றதைக் கொடுத்தேன். ஆனாலும் அவர் திருமணத்துக்குச் சேர்த்து வைத்த பணம் அதில் போனது. அன்றிலிருந்து என் பட்டறையில் காரின் முன்மூடியைத் திறப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, கெரானில், அதாவது வாகன உரிமைப் பத்திரத்தில், யார் பெயர் இருக்கிறது என்பதுதான். உரிமையாளரின் கடிதம் இல்லாமல் பிறர் காரில் கைவைப்பதில்லை.

உங்கள் 300 வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள். வேலை தொடங்கவில்லை, கார் குத்தகைக் கார் என்பதால் உரிமையாளரின் அனுமதி தேவைப்படுகிறது என்று சொன்னால், மனச்சாட்சி உள்ள பட்டறை திருப்பித் தரும். தராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். 300 வெள்ளி போய்விட்டதே என்பதற்காக மீதி 1,500ஐயும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.

பிறகு லீசிங் நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள். தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலாகவோ புலனச் செய்தியாகவோ எழுதி, நாளோடு சேமித்து வையுங்கள். எப்போதிலிருந்து இழுவை குறைந்தது, எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை பேர் இருக்கும்போது உதறியது, அப்போது விளக்கு ஏதும் எரிந்ததா என்பனவற்றை மட்டும் எழுதினால் போதும்; காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. சேவை மையத்தில் காரை விடும்போது, சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாமல், கண்டறியும் கருவியை இணைத்தபடி ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சிலிண்டரில் எத்தனை முறை பொறி தவறியது என்பதையும், இசியு கேட்ட பூஸ்ட் அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியையும் அந்தக் கருவி காட்டும். அந்த இரண்டு எண்களையும் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளரை எளிதில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

குறை நீங்கிய பிறகு கார் பழையபடி ஏறும். அப்போதும் இன்னும் கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டும் என்று தோன்றினால், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஸ்போர்ட் நிலைக்கோ கைமுறை நிலைக்கோ மாற்றி, ஒரு கியர் கீழே வைத்து ஓட்டிப் பாருங்கள். டி நிலையில் கியர்பாக்ஸ் எரிபொருளை மிச்சப்படுத்த மேல் கியரையே பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் மிதித்த பிறகே தயங்கித் தயங்கி இறக்கும். முன்கூட்டியே இறக்கிவைத்தால் இன்ஜினும் குறைவாகவே சிரமப்படும். டயர்களின் காற்றை, முழுச் சுமைக்கென்று கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு வையுங்கள். நாலு பேர் சவாரிக்கு இவை போதும் என்றே நினைக்கிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே உச்ச வேகம் 110தான். வளைவும் மழையும் லாரிகளும் நிறைந்த காராக் ஏற்றத்தில் அந்த 35 குதிரைத்திறனை நீங்கள் எங்கே செலவழிப்பீர்கள்?

ஒப்பந்தம் முடியும்போது காரை விலைக்கு வாங்கிக்கொள்ள நிறுவனம் முன்வந்து, உங்கள் பெயருக்கு அது மாறி, உத்தரவாதக் காலமும் முடிந்த பிறகு, தாராளமாக ரீமேப் செய்துகொள்ளலாம். அன்று காரைச் சக்தி அளக்கும் டைனோ கருவியில் ஏற்றி முன்னும் பின்னும் அளந்து காட்டுகிற, பழைய மென்பொருளின் பிரதியை உங்கள் கையில் கொடுக்கிற, ரோன்95க்கேற்ற மிதமான அமைப்பைப் பரிந்துரைக்கிற பட்டறையாகப் பார்த்துச் செல்லுங்கள்.

கடைசியாக, சேவை மையத்தில் நாள் கிடைக்கும் வரை பெந்தோங் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். போயே ஆக வேண்டும் என்றால், இடது தடத்தில், பாதி மிதிக்கு மேல் போகாமல் ஏறுங்கள். வழியில் இன்ஜின் விளக்கு எரிந்து நிலையாக நின்றால் மெதுவாக ஓட்டிச் சென்று அடுத்த நாள் காட்டலாம். அது விட்டுவிட்டுச் சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியே போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே மிதியைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, லீசிங் நிறுவனத்தின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை இப்போதே உங்கள் கைப்பேசியிலும் மனைவியின் கைப்பேசியிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.